அரை அங்குலம்

புது பேண்ட்டை அண்ணனின் உடல்மேல் விரித்துப் பார்த்தாள் ஷைஜா. இடது பக்கம் துணி பாதத்தைத் தாண்டிக் கிடந்தது. சித்தப்பா ஞானதாசன் கோட்டாறுக்குப் போய் அவசரமாக வாங்கி வந்தது.

"வெள்ளத்துணி போட்டு மூடத்தானே போறோம் மக்கா, ஆரு பாக்கப்போறா?" என்றார் சித்தப்பா. "நாலு மணிக்கு போதகர் வந்திருவாரு."

"இல்ல சித்தப்பா. அண்ணன் இப்படி உடுக்கமாட்டான்."

அண்ணன் ஜினோ தையல்காரன். பத்து வயதில் அயினிமரத்திலிருந்து விழுந்து முழங்கால் முறிந்தபின் இடது கால் வலதுக்குச் சமமாக வளரவில்லை. தன் பேண்ட்டுகளைத் தானே அளந்து தைத்துக்கொள்வான். நேற்று மதியம் கடையில் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டான். வயது நாற்பத்தொன்று.

ஷைஜா பெங்களூரிலிருந்து காலையில்தான் வந்தாள். அங்கே அவளுக்கு ஆராய்ச்சி வேலை. எலிக்குட்டியின் எலும்பு நுனிகளில் செல்கள் எந்த வேகத்தில் பெருகுகின்றன, எப்போது நிற்கின்றன என்பதைச் சமன்பாடுகளாக எழுதுவது. ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கால்கள் எப்படி ஒரே நீளத்தில் வந்து நிற்கின்றன? ஒன்பது வருடமாக இதே கேள்வி. அண்ணனிடம் மட்டும் அவன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மனசு நோகும் என்று நினைத்தாள்.

"டேப் எங்கம்மா?"

அம்மா நேசபாய் எழுந்துபோய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தாள். "அளக்கவேண்டாம். அவனுக்க அளவு முதல் பக்கத்திலே உண்டு."

பதினான்கு வயதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இரண்டு எண்கள். வலது, இடது. ஷைஜா நின்றபடியே படித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வித்தியாசம் வருடாவருடம் கூடிக்கொண்டே போயிருந்தது. பதினெட்டில் வலது நின்றுவிட்டது. பத்தொன்பதில் இடது மட்டும் அரை அங்குலம் வளர்ந்திருந்தது.

"அம்மா, இது சரிதானா?"

"மூணு தடவ அளந்தான். 'அம்மா, எட்டிப் பிடிக்கப்போறேன்'னு அடுக்களைக்கு ஓடிவந்து பறஞ்சான்."

"பின்னே?"

"பின்னே அதும் நின்னுபோச்சு."

ஷைஜாவின் விரல் அந்த வரியிலேயே இருந்தது. ஒன்று நின்றபின் மற்றது எதற்காக வளர்ந்தது? வளர்ந்தது ஏன் பாதியில் நின்றது? எதிரில் அண்ணன் கிடக்கிறான் என்பது ஒரு கணம் மறந்தே போயிற்று.

"இத ஏம்மா எனக்கிட்ட காட்டல்ல?"

"நீ எலிக்க கால அளக்கேன்னு அவன் காதுல விழுந்த அன்னைக்கே தேடி எடுத்து வச்சிட்டான். 'அவளுக்கு ஆவும், கேப்பா'ன்னான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ வரும்போ மேசையிலே கொண்டு வைப்பான்."

ஷைஜா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வித்தியாசமான இரண்டேகால் அங்குலத்துக்கு இடதுகால் துணியை மடித்துக் கையாலேயே தைத்தாள். பழக்கமில்லாத விரல்கள். தையல் கோணியது, பிரித்து மறுபடி தைத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சித்தப்பா அதை ஜினோவுக்கு உடுத்திவிட்டு, அவனுடைய ஷூவை எடுத்து வந்தார். ஒன்றின் அடிப்பாகம் மற்றதைவிட உயரம்.

"அது வேண்டாம்," என்றாள் நேசபாய். "இனி நடக்கவா போறான். சாக்ஸ் மட்டும் போடு மக்கா."

வாசலில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஷைஜா பாதத்தருகே உட்கார்ந்து புது சாக்ஸின் ஒட்டுத்தாளைக் கிழித்தாள். வலதுக்குப் போட்டாள். இடதுக்குப் போட்டாள். இரண்டும் சரியாக இருந்தன.