சொல்ல வெட்கப்பட்ட வயிறு

கட்டட வேலையிடத்தில் அவருக்குக் காத்துக்குடிச்சான் என்று பட்டப்பெயர். காலையில் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார்; அதுவரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. காற்றைக் குடித்தே உயிர்வாழ்கிற மனுஷன் என்று கம்பி கட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கூண்டில் கழிப்பறை கிடையாது, சாப்பிட்டால் வயிறு சொன்ன பேச்சைக் கேட்காது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

இளவயதிலிருந்தே அவருக்குக் குரோன் நோய். குடல் புண்ணாகி வீங்கும், ஆறும், மறுபடி வீங்கும். மனைவிக்கு நோயின் பெயர் தெரியும். அதற்கு மேல் அவர் தெரியவிடவில்லை. தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் வலியின் குணம் மாறியது. சாப்பிட்டதும் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும், பிறகு வாந்தி. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டிவந்தது. ஸ்கேன் எடுக்க வரச்சொன்னார் டாக்டர். இவர் போகவில்லை. போனால், மலம் எப்படிப் போகிறது, எத்தனை தடவை போகிறது என்று, பயிற்சிக்கு வந்த பெண்களை வைத்துக்கொண்டே கேட்பார்கள். பழகின வியாதிதானே, அடங்கிவிடும் என்று இருந்துவிட்டார். ஏன் இப்படி இளைத்துப்போனீர்கள் என்று மனைவி கேட்டபோது வெயிலின் மேல் பழியைப் போட்டார்.

ஒரு மதியம் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கும்போது, வெறும் வயிற்றிலேயே வலி வந்தது. கீழே ஆட்கள் நின்றார்கள். வாக்கி டாக்கியில் வழிசொல்லிக்கொண்டிருந்தவன் அவர் மச்சினன், மனைவியின் தம்பி. இடதுபக்கம், இன்னும் கொஞ்சம் என்று அவன் சொல்லச் சொல்ல, இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பிக்கட்டை இறக்கிவைத்தார். கொக்கியைக் கழற்றும்வரை லீவரை விடவில்லை. ஆனால் உடம்பு தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் ஆகிவிட்டது.

மிஷினில் கோளாறு, பார்த்துவிட்டு இறங்குகிறேன் என்று பொய் சொன்னார். எல்லோரும் கலைந்துபோகட்டும் என்று காத்திருந்தார். பொறுத்துப் பார்த்த மச்சினன் ஏணியில் ஏறி வந்துவிட்டான்.

"உள்ள வராத மாப்ள."

கதவைத் திறந்தவன் ஒரே பார்வையில் புரிந்துகொண்டான். தன் சட்டையைக் கழற்றி அவர் இடுப்பில் சுற்றிக் கட்டினான்.

"உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத," என்றார்.

அவன் ஃபோனை எடுத்து முதலில் அக்காவைத்தான் கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சிறுகுடல் அடைத்துக்கொண்டிருந்தது. சுருங்கிப்போன துண்டை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. சிறுகுடலில் பல வருஷம் புண் இருந்தால் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, அறிகுறிகள் பழைய நோயைப் போலவே இருப்பதால் ஏமாந்துபோவோம் என்று அறுவை டாக்டர் விளக்கினார். எத்தனை நாளாக இந்த வலி என்று கேட்டார்.

"ஒரு மாசமா இருக்கும்," என்றார் இவர்.

கட்டிலருகே நின்றிருந்த மனைவி டாக்டர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "ஒரு மாசத்துலயா பெல்ட்டு இவ்வளவு தளந்துச்சு?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் என்று சுவரிடம் சொன்னார்.

"வெக்கப்பட்டே செத்திருந்தா, அந்த வெக்கத்த வெச்சு நான் என்ன பண்றது? ஃப்ரேம் போட்டு சுவத்துல மாட்டுறதா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரைக் கூசிக் குறுக வைத்தது.

குடலையொட்டிய நிணநீர் முடிச்சுகள் சிலவற்றிலும் நோய் பரவியிருந்தது. மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். குணமாகுமா என்பதற்கு, பார்ப்போம் என்றுதான் பதில் கிடைத்தது. கூண்டில் இப்போது வேறு ஆள்.

அடுத்த தடவை மருந்து ஏற்றப் போனபோது டாக்டர் வழக்கமான கேள்விக்கு வந்தார். பயிற்சிப் பெண்கள் இருவர் நின்றார்கள். அவருக்குச் சங்கடம் வேண்டாமென்று மனைவி எழுந்தாள்.

"நீ உக்காரு," என்றார்.

எத்தனை தடவை, எப்படி, ரத்தம் உண்டா, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். காது மடலெல்லாம் காந்தியது. ஓரிடத்தில் அவர் குறைத்துச் சொன்னபோது மனைவி இருமினாள். திருத்திச் சொன்னார்.