ஆண்டவருக்கு மட்டும் சொன்னது

அமலராணி எழும்பி மைக்கை நோக்கி நடந்தபோதே எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. சில்க்போர்க்கில் மாதம் ஒருமுறை நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் முன்னால் போய்த் தன் வேண்டுதலைச் சத்தமாகச் சொல்லலாம். புதினம் அறிய இதைவிட நல்ல இடம் டென்மார்க்கில் கிடையாது. யாருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, யாருடைய மகன் வேலையை விட்டான், யார் வீட்டில் சம்பந்தப் பேச்சு, எல்லாம் பக்தியோடு வெளியே வரும். நான் ஒரு மாதமும் தவறவிடுவதில்லை.

அமலராணி எனக்கு எதிர்வீடு. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை. அவளுடைய மகள் மேனுஜா ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் ஏரிப் பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். இந்த வருடம் அவளுக்கு ஒரு புதுப் பயிற்சி கிடைத்திருந்தது. ஆய்விதழ் ஒன்று இளம் ஆராய்ச்சியாளர்களை மதிப்பாய்வாளர்களாகப் பழக்குகிறது. அதாவது, மற்றவர்கள் எழுதி அனுப்பும் கட்டுரை அச்சேறத் தகுந்ததா, எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. எழுதியவர் யாரென்று பார்ப்பவருக்குத் தெரியாது. பார்ப்பவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளுக்குத் தெரியாமல் ஆளின் குறையைச் சொல்வதற்குமா பயிற்சி? பூசை முடிந்த கையோடு எங்கள் தேநீர் மேசையில் அது இலவசமாக நடக்கிறதே.

ஆனால் பிள்ளை லேசில் பழகவில்லை. பழைய கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னபோது, மிகச் சிறப்பு, அருமை என்று பக்கம் பக்கமாக எழுதினாளாம். அவளைப் பழக்கும் கியர்ஸ்தன் என்ற பெண், "இது பிறந்தநாள் வாழ்த்து" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த கட்டுரையில் ரோசம் வந்து மேனுஜா குதறிவைத்தாள். "இதை வாசித்தால் எழுதியவன் வேறு தொழில் தேடுவான். என்ன செய்தால் சரிவரும் என்று ஒரு வரியாவது எங்கே?" என்று அதுவும் திரும்பி வந்தது. இப்போது கையில் இருப்பது பழகுவதற்கான கட்டுரை அல்ல, உண்மையாகவே வந்து காத்திருக்கும் கட்டுரை. அவளுடைய மதிப்பாய்வு திங்கட்கிழமை இதழாசிரியருக்குப் போகவேண்டும். அவருக்குப் பிடித்தால் மேனுஜாவும் அந்த இதழின் மதிப்பாய்வாளர். ரகசியம் வெளியே போனால் பயிற்சியே போச்சு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர்கள் சமைக்கும் குசினியின் யன்னல் என் பல்கனிக்கு நேரே இருக்கிறது.

அமலராணி மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆண்டவரே, என்ர மகள் மேனுஜா முதன்முதலா ஒரு பெரிய கட்டுரையைப் பாத்துச் சரி பிழை சொல்லுறாள். ஏரிக்குள்ள இரும்புத்தூள் போட்டுப் பாசியை அடக்கிற கட்டுரை."

என் பக்கத்தில் இருந்த மேனுஜா, "நை, மோ, நை!" என்று, வேண்டாம் அம்மா வேண்டாம் என்பதை டெனிஷில் முனகினாள். தாய்க்கு அது எட்டவில்லை.

"நல்ல கட்டுரையாம். ஒரு படத்தில மட்டும் பிழை இருக்காம். அவள் அதை நோகாமல் எடுத்துச் சொல்லவும், எழுதின பிள்ளையள் கோவிக்காமல் திருத்தவும் அருள் தாரும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சொன்னோம். ஆண்டவர் கேட்டாரோ தெரியாது, கடைசி வரிசையில் ஒருவர் கேட்டுவிட்டார்.

பூசை முடிந்து தேநீர் மண்டபத்துக்குள் கால் வைத்ததும் மகள் தாயைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"நான் ஆருக்கடி சொன்னனான்? ஆண்டவருக்குத்தானே சொன்னனான்."

"மைக்கிலயா?"

"பின்னை? சனமெல்லாம் சேந்து மன்றாடினாத்தானே பலிக்கும்."

அப்போதுதான் கடைசி வரிசைக்காரர் வந்தார். பக்கத்து நகரமான விபோர்க்குக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்நாட்டுப் பொறியியலாளர், ஞானசேகரன். எங்கள் பூசைக்கு அன்றுதான் முதல் வரவு. அவருடைய மனைவிக்கு இன்னும் விசா வரவில்லை என்பது வரை பூசைக்கு முன்பே அவரிடமிருந்து நான் கறந்துவிட்டேன். அடுத்து அவர் சொன்னது மட்டும் எனக்குத் தப்பிவிட்டது.

"ஆன்ட்டி, அந்த இரும்புத்தூள் பேப்பர்... அது எங்க பேப்பர்ங்க!" முகமெல்லாம் பல். "நாங்க நாலு பேர் சேந்து எழுதினது. பதில் வந்துச்சான்னு தினமும் மெயிலைத் திறந்து திறந்து பாத்துட்டிருக்கேன்!"

மண்டபத்தில் தேநீரோடு வைத்த பற்றிஸ் பலகாரத்தைக் கடிக்கும் சத்தம்கூட நின்றது. அவர் மேனுஜாவின் பக்கம் திரும்பினார்.

"எந்தப் படங்க? மூணாவதா? மழை பெஞ்ச வாரத்தைத் தனியா பிரிச்சுக் காட்டணும்னு நான் அப்பவே சொன்னேன். யாரும் கேக்கல."

தள்ளுவண்டியில் கிடந்த காலம் முதல் எனக்குத் தெரிந்த முகம் மேனுஜாவினது. ஒன்றையும் ஒளிக்கத் தெரியாத முகம். காது இரண்டும் சிவந்துபோய், தேநீர்க் கேத்தலையே பார்த்தபடி சொன்னாள்: "அண்ணா, நான் இதைப் பற்றி ஒண்டும் கதைக்கேலாது. நீங்களும் கேக்கக்கூடாது."

கிறிஸ்துநாயகம் அண்ணை, கோயில் குழுத் தலைவர், தொண்டையைச் செருமினார். "பிள்ளை, இதென்ன பெரிய விசயமே? இங்க எல்லாரும் எங்கட ஆக்கள். ஒருத்தரும் வெளியில விடமாட்டினம்."

இந்த மண்டபத்தைப் பார்த்து இப்படிச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வந்ததே.

"நாளைக்கு அனுப்பிப்போட்டுப் பேசாமல் இரன்," என்றாள் அமலராணி. "ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, அம்மா. இனி நான் எழுதிறது இவருக்குப் பயந்து எழுதினதோ, இவருக்காண்டி எழுதினதோ எண்டு எனக்கே விளங்காது. கியர்ஸ்தனுக்குச் சொல்லப்போறன்."

"இண்டைக்கு ஞாயிறடி! டெனிஷ்காறருக்கு ஞாயிற்றுக்கிழமையில போன் எடுக்கிறதே?"

மேனுஜா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் தேநீர்த் தட்டோடு யன்னலடியில் போய் நின்றேன். தட்டை எங்காவது வைக்கத்தானே வேண்டும். வெளியே சைக்கிள்களுக்கு நடுவில் மேனுஜா போனைக் காதில் வைத்தபடி அங்குமிங்கும் நடந்தாள். முதலில் தோள் இரண்டும் ஒடுங்கியிருந்தன. பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவள் கதைக்கத் தொடங்கினாள், வாயால் மட்டுமல்ல. வெறுங்கை காற்றில் ஒரு கோடு இழுத்தது. ஏறி, இறங்கி, ஓரிடத்தில் விரலால் குத்தி நின்றது. பிறகு அதன் பக்கத்திலேயே, மெதுவாக, இன்னொரு கோடு. குதறவுமில்லை, வாழ்த்தவுமில்லை. இப்படிப் பிரித்துப் போட்டால் சரிவரும் என்று காட்டும் கை. குதிக்கால் நிலத்தில் இல்லை. கெஞ்சுகிறாளா, வாதாடுகிறாளா, தான் சொல்ல வந்ததையெல்லாம் இதுதான் கடைசிமுறை என்று சொல்லித் தீர்க்கிறாளா, ஒன்றும் விளங்கவில்லை.

பின்கழுத்தில் மூச்சுப் பட்டது. ஞானசேகரன். அவருடைய கண் அந்தக் கையிலேயே இருந்தது. கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் அவருடைய விரலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

என் வாழ்க்கையில் நான் திரையை விலக்கிப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் இழுத்து மூடியதில்லை. அன்று மூடினேன்.

"தம்பி, பூசை வைச்ச சுவாமிக்கு இன்னும் தேத்தண்ணி போகேல்லை. இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ."

"ஆன்ட்டி, ஒரே ஒரு செகண்ட்..."

"ஆறுது, தம்பி."

அவர் என்னைப் பார்த்தார், மூடிய திரையைப் பார்த்தார். பிறகு தன் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, என் கையிலிருந்த தேநீர்த் தட்டை வாங்கிக்கொண்டு மண்டபத்தின் மறுகோடிக்குத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கோப்பைகள் கிலுகிலுத்தன.

நான் யன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். வெளியே தாழ்ந்திருந்த பின்னேர வெயில் மெல்லிய திரை வழியாக என் தோளில் சுட்டது. அப்போதுதான் கவனித்தேன், மண்டபத்துச் சனமெல்லாம் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் மேனுஜாவின் நிழல், கோடு இழுக்கும் கையோடு, விழுந்திருக்கவேண்டும். நான் சேலைத் தலைப்பை விரித்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தேன். அமலராணியின் கண்கள், கிறிஸ்துநாயகம் அண்ணையின் கண்கள், வாயில் பற்றிஸோடு நின்றவர்களின் கண்கள், எல்லாம் ஒன்றாக, என் தலைப்புக்கும் மேலே, அந்தக் கோட்டோடு ஏறிக்கொண்டே போயின.