கரையான்சாவடியில் கேட்ட குக்கர் விசில்

நூம்பலில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் தேவிப்பிரியா அடுப்பில் வைக்கும் குக்கர், நாலைந்து கிலோமீட்டர் தள்ளிக் கரையான்சாவடியில் இசையமைப்பாளர் மனோகரன் வீட்டுக் கூடத்தில் விசில் அடித்தது. நூம்பலில் ஆவி மட்டும் வரும், சத்தம் வராது. முதல் வாரத்தில் இரண்டு முறை பருப்பு அடிப்பிடித்தது. பிறகு அவள் கடிகாரத்தைப் பார்த்து அடுப்பை அணைக்கப் பழகிக்கொண்டாள். அந்த மாதம் தக்காளி கிலோ அறுபது ரூபாய்.

தேவிப்பிரியா கோவில்பட்டிக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் மென்பொருள் கம்பெனி வேலை. சனி, ஞாயிறுகளில் வீட்டில் உட்கார்ந்து கணினியில் இசை அமைப்பாள். மெட்டு, தாளம், பின்னணி எல்லாம் அவளுடையது. பாட்டு வெளிவரும்போது 'இசை: மனோகரன்' என்று வரும். பாட்டுக்கு எட்டாயிரம், அதோடு சரி. இப்படி அடுத்தவர் பெயருக்கு இசை செய்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுக் குக்கரெல்லாம் ஒழுங்காகத்தான் விசில் அடிக்கிறது. இவள் செய்த பிசகு வேறு. வாத்தியத்துக்குக் காசில்லாமல் வீட்டுச் சத்தங்களைச் செல்போனில் பிடித்துத் தாளமாக்குவாள். பாட்டை அனுப்பும்போது அந்த அசல் பதிவுகளோடு முழு ஃபோல்டரையும் அனுப்பிவிடுவாள். 'இதிலுள்ள எதற்கும் எனக்கு உரிமை இல்லை' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுப்பாள். சத்தங்கள் அந்தக் கையெழுத்தை மதித்து நடந்துகொண்டன.

குக்கருக்குப் பிறகு மின்விசிறியின் கிறீச்சும், அடுத்த பாட்டோடு அவளுடைய செருப்புச் சத்தமும் போயின. தனியாக இருப்பவள் வீட்டில் சத்தம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டாள். நான்காவது பாட்டில்தான் வினை வந்தது. ஊரிலிருந்து தினமும் போன் செய்யும் அம்மா மங்களத்தின் சிரிப்பை அதில் சேர்த்திருந்தாள். பாட்டு பூந்தமல்லி பேருந்து நிலையத்து ஷேர் ஆட்டோக்களில் எல்லாம் ஓடியது, மனோகரனுக்கு விருதும் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அம்மா போனில் பேசுவது கேட்கும், சிரிப்பது கேட்காது. "ஏட்டி, நான் இங்க சிரிச்சுக்கிட்டுக் கெடக்கேன், நீ உம்முனு இருக்கியே?" என்றாள் மங்களம். அன்றைக்குத்தான் தேவிப்பிரியா அழுதாள்.

மனோகரன் வீட்டிலும் நிம்மதி இல்லை. பாடகர் உருகிப் பாடும்போது கூடத்தில் யாரோ ஓர் அம்மாள் சிரிப்பாள், பதிவு வீணாகும். அவன் மனைவி கோமளாவுக்கு மட்டும் பழகிவிட்டது. புருஷன் பகலெல்லாம் ஸ்டுடியோ அறைக்குள்ளேயே கிடக்கிறான், இவளுக்கு இந்தச் சத்தங்கள்தான் துணை. பாட்டில் வரும் அதே விசில் என்று கண்டுபிடித்து, அவனைக் குடைந்து யார் வீட்டுடையது என்றும் தெரிந்துகொண்டாள். ஒரு புதன்கிழமை அவளே தேவிப்பிரியாவுக்குப் போன் செய்தாள்.

"இன்னாம்மா, ரெண்டு நாளா குக்கரே அடிக்கல? ஒடம்புக்கு முடியலியா? கஞ்சியாவது வெச்சிக் குடி."

தேவிப்பிரியாவுக்கு அப்போது நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள அந்த அடுக்ககத்தில் அது யாருக்கும் தெரியாது.

காய்ச்சல் விட்டதும் நேரே கரையான்சாவடிக்குப் போனாள். நாலு பாட்டிலும் தன் பெயர் வேண்டும், வருமானத்தில் பாதி வேண்டும் என்றாள்.

"துட்டு வோணா டபுளா வாங்கிக்க, தங்கச்சி. பேரு மட்டும் கேக்காத. அவார்டு வாங்குன பாட்டு, மானம் பூடும்," என்றான் மனோகரன்.

"கூலி கேக்க வரலண்ணே. எம் பேரைப் போடுங்க. எங்கம்மா சிரிக்கிறது எனக்குக் கேக்கணும்."

கோமளா அடுப்படியிலிருந்து வந்தாள். "செஞ்சவ பேரைச் சொல்றதுக்கு உனக்கு இன்னாய்யா கஷ்டம்? அவங்கம்மா சிரிப்ப நம்ம ஊட்ல வெச்சிக்கினு நீ எப்டி சோறு துன்ற?"

மனோகரன் மூன்று வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தான். வீட்டில் யாரும் அவனோடு பேசவில்லை, மங்களத்தின் சிரிப்பைத் தவிர. பிறகு நான்கு பாட்டிலும் இரண்டு பெயர்கள் வந்தன, பாதிப் பணமும் ஒழுங்காக வங்கியில் ஏறியது. அன்று மாலை நூம்பலில் குக்கர் விசில் அடிக்க, தேவிப்பிரியா தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். போனில் அம்மா எதற்கோ சிரித்தாள். "இன்னொரு தடவ சிரிம்மா," என்றாள் மகள். எதற்கு என்று கேட்காமல் மங்களம் சிரித்தாள்.

கரையான்சாவடி வீடு அமைதியானது. நூம்பலிலோ எல்லாச் சத்தமும் திரும்பிய பிறகும், அவளைத் தவிர அவற்றைக் கேட்க ஆளில்லை. ஐந்தாவது பாட்டுக்கு முறையான ஒப்பந்தம், பெயர், பாதிப் பங்கு எல்லாம் இருந்தன. அசல் பதிவுகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு அனுப்பும் பழக்கமும் அவளுக்கு வந்திருந்தது. வாசல் கதவின் தாழ்ப்பாள் சத்தத்தை மட்டும் நீக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு தாளில், கோமளா பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அவள் வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் நூம்பலில் தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழுகிறது. கரையான்சாவடியில் ஏழேகால் வாக்கில் கேட்கிறது. மெட்ரோ வேலையால் சாலை அடைத்துக்கொண்டால் எட்டாகும். அதுவரை கோமளா டிவியின் சத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பாள். கேட்டதும், "வந்துட்சி," என்று மனோகரனிடம் சொல்லிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள்.