முந்திக் கட்டிய பிளெக்ஸ்

சங்கரன்கோவிலில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், துட்டி என்றாலும், முதல் பிளெக்ஸ் பாத்திரக்கடை மகாராஜனுடையதாகத்தான் இருக்கும். அதில் அவனுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் ஆளைக் கவிழ்த்தது.

அக்கா சண்முகசுந்தரியின் புருஷன் சௌந்தரபாண்டியனுக்கு வைரஸ் காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரும் போதாமல் எக்மோ மெஷினில் போட்டார்கள். மகாராஜன் பார்க்கப் போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் கட்டையாகக் கிடந்தார். கழுத்திலும் தொடையிலும் விரல் தடிமனில் குழாய்கள். கருத்த ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சிவந்து திரும்பியது. நெஞ்சு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

டாக்டர் சொல்லத்தான் செய்தார். "நுரையீரல் இப்ப வேலை செய்யல. அது தேறுற வரைக்கும் இந்த மெஷின்தான் அதோட வேலையப் பாக்கும்." காதில் விழுந்தால்தானே? செத்தவரை மெஷினில் வைத்து ஏமாற்றுவார்கள் என்று டீக்கடையில் கேட்டதுதான் மண்டையில் நின்றது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், படி இறங்கும்போதே பிளெக்ஸ் கடை பிரவின்ராஜுக்குப் போன் போட்டான்.

"அத்தான் முடிஞ்சிட்டாரு வே. கண்ணீர் அஞ்சலி அடிச்சு நம்ம தெருமுனைல கட்டிரும்."

அவன் ஊர் வந்து சேருமுன் பிளெக்ஸ் தொங்கியது. அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவுக்குப் போன் செய்து அழுதார்கள். அவள் அவர் இருந்த அறைக்கு விழுந்தடித்து ஓடினாள். நர்ஸ் மானிட்டரைக் காட்டிய பிறகுதான் உயிர் வந்தது. உடனே தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏலே, அவரு இங்க மூச்சுக்கு மல்லுக்கட்டுதாரு. நீ அங்க மாலை போட்டுட்டியே. இனிமே அக்கான்னு என் வாசல்ல வந்து நிக்காத."

மகாராஜன் ஓடிப்போய் பிளெக்ஸை அறுத்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சௌந்தரபாண்டியன் பிழைத்துவிட்டார். அவர் வீடு திரும்பியும் மகாராஜன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒருநாள் காலையில் அவரே கடைக்கு வந்தார், எலும்பும் தோலுமாக. கூட வந்த அக்கா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

"அந்த பிளெக்ஸக் காட்டு மாப்ள."

எரித்தால் அத்தானையே எரித்த மாதிரி ஆகிவிடுமே என்று குடோனில் சுருட்டி வைத்திருந்தான். எடுத்து வந்து விரித்தான். அவர் மூச்சு வாங்க வாங்கப் பார்த்தார். மேலே அவர் படம். கீழே கும்பிட்ட கையும் கூலிங் கிளாஸுமாக, 'இவண்: மைத்துனர் மகாராஜன்'.

"என் படத்தவிட உன் படம் பெருசா இருக்கே மாப்ள," என்றார். குரலில் கோபமே இல்லை.

"தப்புதான் அத்தான். மன்னிச்சிருங்க."

"என்ட்ட எதுக்குக் கேக்க?" என்று ஆட்டோவைக் காட்டினார்.

அக்கா திரும்பவே இல்லை. "அவரால நிக்க முடியாது, அவன ஏத்திவிடச் சொல்லுங்க," என்று டிரைவரிடம் சொன்னாள். மகாராஜன் அத்தானைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றினான். அவன் உள்ளங்கைக்குக் கீழே அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. அவரை உட்கார வைக்கும்வரை அந்தக் கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் கூசியது.