தட்டில் துடிக்கும் அக்கா

என் அக்கா செத்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் காலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அவளைத்தான்.

பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. பல்கலைக்கழக உயிரியல் துறை ஆய்வகத்தில் செல்களுக்குச் சாப்பாடு ஊற்றுவது என் வேலை. சாப்பாடு என்றால் ஒரு ரோஸ் கலர் தண்ணீர். அக்காவுக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு, நடுநடுவே ஒரு துடிப்பைத் தவறவிடும். அப்பாவும் அதில்தான், பேசிக்கொண்டிருக்கும்போதே போனார். அக்கா உயிரோடு இருந்தபோது எங்கள் மேடம் ஆராய்ச்சிக்காக அவள் தோலில் ஒரு துணுக்கு வாங்கினார். ஒப்பிட்டுப் பார்க்க என் தோலிலும் ஒன்று. தோல் செல்லைப் பின்னுக்குத் திருப்பி, கருவில் இருக்கிற மாதிரி ஆக்கி, அப்புறம் அதையே இதயத் தசையாக வளர்த்துவிடுவார்கள். என்னுடையதை அவ்வளவு தூரம் யாரும் கொண்டுபோகவில்லை. அக்காவுடையதுதான் இதயமானது. அதைப் பார்க்க அவள் இல்லை.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் தெரியும். செல் வளர்க்கும் தட்டில் பழுப்பாக ஒரு சின்னத் திட்டு, சுருங்கி விரியும், சுருங்கி விரியும். திடீரென்று நின்றுவிடும். பார்க்கிற நமக்கு மூச்சு நின்றுவிடும். பிறகு மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி மறுபடி ஆரம்பிக்கும்.

"எழுந்துட்டியா அக்கா? இந்தா, சாப்பிடு" என்பேன். ஸ்டோர்காரனோடு கையுறைக்காகச் சண்டை போட்டுவிட்டுக் கொதித்துக்கொண்டு வந்த ஒரு நாள், தட்டில் துடிப்பும் படபடவென்று ஓடியது. லிஃப்ட் வேலை செய்யாமல் மூச்சிரைக்கப் படி ஏறி வந்த அன்றும் அப்படித்தான். அக்காவுக்கு என் மேல் அவ்வளவு பாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போகும்போது முதுகு சில்லென்றிருக்கும்.

அக்கா வீட்டுக்காரர், மாமா, விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "நீயும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடும்மா. குடும்பத்துல ஓடுற வியாதி."

"எனக்கு என்ன கேடு? குண்டுக்கல்லாட்டம் இருக்கேன். சும்மா உயிரை வாங்காதீங்க."

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவரப் போகிறது என்றதும் செய்திக்காரர் வந்துவிட்டார். துறையில் யார் என்ன கண்டுபிடித்தாலும் படம் எடுத்து, தலைப்பு வைத்து, இணையத்தில் போடுவது அவர் வேலை. "இறந்த பின்னும் துடிக்கும் தாயின் இதயம். எப்படி இருக்கு?" என்று கேட்டார். "அவங்க பொண்ணு மைக்ரோஸ்கோப்ல பார்க்கிற மாதிரி ஒரு ஷாட் கிடைச்சா..."

"உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்று கத்திவிட்டேன். ஆனால் அக்கா மகளே என்னைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள், அம்மாவைக் காட்டு காட்டு என்று. அம்மா போனதிலிருந்து அந்தக் குழந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கடைசியில் மாமாதான் கூட்டிக்கொண்டு வந்தார்.

உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். விழுந்துவிடுவோமோ என்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கேமரா ஓடியது.

"சித்தி, அம்மா அடிக்கிறாங்க!" என்றாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "ஐயோ, நின்னுட்டாங்க."

"திரும்ப வரும்டா. பார்த்துட்டே இரு."

"உன் கையிலயும் நின்னுச்சு சித்தி."

"என்னடி உளர்ற?"

"நிஜமா. இங்க டப் டப்னு இருந்துச்சு. அம்மா நின்னப்ப இதுவும் நின்னுச்சு. இப்ப ரெண்டும் வந்துடுச்சு."

செய்திக்காரர் சிரித்தார். கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் சாப்பிட்டாள், தூங்கினாள். தினமும் சாயங்காலம் போன் வரும். "அம்மா சாப்பிட்டாங்களா? அம்மா அடிச்சாங்களா?" நானும் சொல்வேன். மாமா போனை வாங்கி, "நீ செய்யற புண்ணியம்மா இது" என்று தழுதழுப்பார்.

ஒரு மத்தியானம் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடும் கண்ணாடிக்கார மாணவன் சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"கட்டுரையைப் போடறதுக்கு முன்னாடி, செல் நாம சொல்ற ஆளோடதுதானான்னு ஒரு டெஸ்ட் கேப்பாங்க. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்" என்றார் மேடம். "ரிசல்ட் வந்திருக்கு. அது உங்க அக்காவோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

அவர் என்னையே பார்த்தார்.

சோடாபுட்டிதான் வாயைத் திறந்தான். "உங்க அக்கா தவறின வாரம் நீங்க லீவு. நான்தான் அவங்களோடது, உங்களோடது ரெண்டு தட்டுக்கும் ஊத்தினேன். ஒரே பாட்டில்லேருந்து... அதே குழாயாலயே... ஒரு சொட்டு போயிருக்கும்க்கா."

இவன் வாயில் அக்கா என்ற சொல்லா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாவி! முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம்டா அது! ஒரு தட்டுக்கு ஒரு பாட்டில்னு எத்தனை தடவை கத்தியிருப்பேன்!"

"உங்க செல் வேகமா வளர்ற ரகம்" என்றார் மேடம் மெதுவாக. "அக்காவோடதை மொத்தமா முந்திடுச்சு. சேமிப்புக்குன்னு உறைய வெச்ச செல்லெல்லாம் அதுக்கப்புறம் வெச்சதுதான். எல்லாமே நீங்கதான்."

"அப்ப எங்க அக்கா?"

"மன்னிச்சுக்கோங்க. ஒண்ணுமே மிச்சமில்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் என்ன சொல்றேன்னு புரியுதா? அந்தத் துடிப்பு நிக்குதே, அது உங்களோடது. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க."

என் காதில் எதுவும் ஏறவில்லை. அக்கா இரண்டாவது தடவை செத்துப்போனாள், அதுவும் என் செல் தின்று. அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தப்பான செல்லை வைத்திருக்கக் கூடாது, ப்ளீச் ஊற்றிக் கொட்டிவிட வேண்டும். ப்ளீச் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசியாக ஒரு தடவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக யாரைக் கொஞ்சினேன்? என்னைத்தான். நினைக்கவே அருவருப்பாக இருந்தது. அடித்துக்கொண்டிருந்தது நின்றது. அதே நேரம் என் நெஞ்சுக்குள், படி இருக்கிறதென்று கால் வைத்து அது இல்லாமல் போன மாதிரி ஒரு பள்ளம். எனக்கு நன்றாகத் தெரிந்த பள்ளம்தான். இத்தனை நாளும் அக்காவை நினைத்து ஏங்குவதால் வருகிறது என்றே இருந்தேன்.

போன் அடித்தது.

"சித்தி, அம்மா சாப்பிட்டாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கும் அவள் தூங்கிவிடுவாள். நாளைக்கும் சொல்லலாம். எத்தனை நாளைக்குச் சொல்ல நான் இருப்பேன்? வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

"கண்ணு, சித்தி சொல்றதைக் கேளு. தட்டுல இருக்கிறது அம்மா இல்லடா. இங்க ஒரு தப்பு நடந்துபோச்சு. அது சித்தியோடது."

"அப்ப அம்மா?"

"இல்லடா. அம்மா இங்க இல்ல."

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கு நின்னுச்சே, அதுவும் உன்னோடதா?"

"ஆமாடா."

"அப்ப நீ நின்னுடாத சித்தி."

ப்ளீச் பாட்டிலை மூடினேன்.

"அப்பாகிட்ட போனைக் குடு" என்றேன். "வண்டியை எடுத்துட்டு வரச் சொல்லணும். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."