தாட்சாயினியின் பெயரில் வந்த பதில்

“எழுதுனது நீங்கதான்!”

“நான் எழுதல தம்பி. முதல்ல நீங்க யாருன்னு…”

“என்னைத் தெரியாதா? நைட்டுக்கு நைட்டு உங்க மூஞ்சியத்தான் பாத்துப் படிக்கிறேன்!”

“கத்தாதீங்க. ஆன்லைன்ல அறுநூறு பேர் இருக்காங்க. யாரு யாருன்னு…”

“அறுநூறு பேருக்குமா அம்மா செத்தாங்க?”

ஜெலுத்தோங் பாசாரில் சனிக்கிழமைச் சந்தைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. கையில் எடுத்த மீனை டாக்டர் தாட்சாயினி மறுபடி ஐஸ் மேலேயே வைத்தார். எதிரே நின்ற ஜெயராஜ், மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டே அவருடைய கல்லூரியில் ஆன்லைனில் பட்டப்படிப்பு படிப்பவர். தாட்சாயினியைத் திரைக்கு வெளியே அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“அண்ணே, அக்கா, கொஞ்சம் தள்ளி நின்னு சண்டை போடுங்க லா,” என்றார் மீன்காரர் ஜாஹிர். “செத்த மீனு முழிச்சுக்கிச்சு.”

“என்னதான் எழுதிட்டேன்? காட்டுங்க.”

ஜெயராஜ் போனை நீட்டினார். தாட்சாயினியின் படம், பக்கத்தில் பெயர். கீழே, ஜெயராஜ் என்று விளித்து, ஆங்கிலத்தில் இரண்டு வரி: தாமதமான கட்டுரை விதிமுறைப்படி ஏற்கப்படாது, தொடர்ந்து உற்சாகமாகப் படியுங்கள். முடிவில் ஒரு சிரிக்கும் பொம்மை முகம்.

“சிரிப்பு வேற! அம்மா காரியத்தன்னிக்கு எவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்க! துக்கம் ஆறட்டும், அவசரப்படாதீங்கன்னு. அக்காவுக்குப் படிச்சுக் காட்டுனேன், அது ஓன்னு அழுதிருச்சு. நீங்க சொன்னீங்கன்னுதான் நான் அவசரப்படல. இப்ப லேட்டுங்கிறீங்க! இந்தப் பாடம் போச்சுன்னா பட்டம் அடுத்த வருஷம்தான். சூப்பர்வைசர் வேலை அதுவரைக்கும் எனக்காகக் காத்திருக்குமா?”

தாட்சாயினியின் காதில் பாதிதான் விழுந்தது. கண் அந்தப் படத்தைவிட்டு நகரவில்லை. பாடங்களை வீடியோவில் பதிவு செய்த அன்று எடுத்த படம் அது. அதன் பிறகு அவர் வகுப்பு எடுக்கவேயில்லை. வீடியோ பாடம் நடத்தியது. அவர் மதிப்பெண்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். இந்த செமஸ்டரில் ஒரு கேள்விகூட வரவில்லை. பிள்ளைகளுக்குக் கேட்க ஒன்றுமே இல்லையா என்று மனசுக்குள் நொந்துகொண்டிருந்தார்.

கோர்ஸ் பொறுப்பாளர் காமினியைக் கூப்பிட்டு, ஜெயராஜுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“காமினி, என் பேருல பதில் எழுதுறது யாரு?”

“அது சிஸ்டம் லா, டாக்டர். இந்த செமஸ்டர்ல இருந்து கேள்விக்கெல்லாம் அதுவே பதில் போட்டுரும். உங்களுக்கு வேலை மிச்சம்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“ஈமெயில் போட்டோமே டாக்டர்.”

“சிஸ்டம் எழுதுனா சிஸ்டம்னு போட வேண்டியதுதானே? என் படம் எதுக்கு?”

“முகம் இருந்தாதானே ஸ்டூடண்ட்ஸ் நம்புவாங்க.”

“நம்புறதுக்கு என் முகம், பதில் சொல்ல மெஷினு. திட்டு வாங்க மட்டும் மீன் கடையில நான் நிக்கணுமா? நல்லா இருக்கும்மா உங்க ஏற்பாடு! ஜெயராஜ்னு ஒருத்தர் கட்டுரை அனுப்புவாரு. அம்மா தவறிட்டாங்க அவருக்கு. நானே படிச்சு மார்க் போடுறேன்.”

“டாக்டர், இப்ப அது உங்க வேலை இல்ல…”

“அப்ப என் வீடியோவையெல்லாம் எடுத்துருங்க.”

“வீடியோ காலேஜோடது டாக்டர்.”

“மூஞ்சி என்னோடது! திங்கக்கிழமை இந்தத் தம்பியைக் கூட்டிக்கிட்டு டீன் ரூமுக்கு வர்றேன். அம்மா செத்ததுக்கு டைம் கேட்டவர்கிட்ட என் படத்தை வச்சு மெஷின் சிரிச்சுச்சுன்னு இவரே டீன்கிட்ட சொல்லட்டும்.”

காமினி இறங்கி வந்தார்.

“சரி டாக்டர். இந்த ஒரு தடவை அனுப்பச் சொல்லுங்க.”

தாட்சாயினி போனைப் பைக்குள் போட்டார். குரலில் ஜெயித்த மிடுக்கு.

“கேட்டீங்கல்ல தம்பி? கட்டுரையை இன்னிக்கே அனுப்புங்க. என்னமா திட்டுனீங்க என்னை! இந்த செமஸ்டர்ல உங்களுக்கு ஒரு எழுத்துகூட நான் எழுதல. வந்தது எல்லாமே மெஷினு.”

ஜெயராஜ் தலையாட்டினார். நன்றி சொல்ல வாயெடுத்தவர் போனைப் பார்த்தார். கட்டைவிரலால் திரையை மேலே தள்ளிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினார்.

“டாக்டர், அம்மா காரியத்தன்னிக்கு வந்ததுமா?”