காந்தம் ஒட்டிய தண்டு

ஜப்பானில் கிறிஸ்ரினா என்னதான் படிக்கிறாள் என்பது சொந்த ஊரான குருநகரில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. அணுமின் நிலையத்துக் குழாய்களில் வெடிப்பு விழுவதற்கு முன்பே, உலோகம் களைத்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது தன் வேலை என்று அவளும் எத்தனையோ தரம் விளங்கப்படுத்திவிட்டாள். இரும்புக்குக் களைப்பா என்று தாய் லூர்த்தம்மா சிரித்துவிட்டுச் சமையலைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவாள். வீட்டில் ஒருவராவது இதை நம்பிவிடவேண்டும் என்பது கிறிஸ்ரினாவின் பெரிய ஆசை.

மாதா கோயில் பெருநாளுக்கு வந்த இடத்தில் அதற்கு ஒரு வழி கிடைத்தது. அண்ணன் எமில்ராஜ் படகைக் கரையில் ஏற்றிவைத்து எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தான். எஞ்சினைப் படகோடு பிணைக்கிற, சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத உருக்குத் தண்டு வெயிலில் மினுங்கியது. அவள் ஆராயும் குழாய்களும் அதே வகை உருக்குத்தான். அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் ஆட்டமும் அதிர்வும் பட்டுப் பட்டு அது களைக்கத் தொடங்கினால், கண்ணுக்கு வெடிப்புத் தெரிவதற்கு வெகு முன்பே, களைத்த இடத்தில் காந்தம் மெல்ல ஒட்டும். நூலில் கட்டிய சின்னக் காந்தம் ஒன்றை அவள் தண்டோரமாக இறக்கினாள். நடுப்பகுதிக்கு வந்ததும் அது சாய்ந்து ஒட்டிக்கொண்டது.

எமில்ராஜ் நகத்தால் தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

"நாளைக்கு இதோடை கடலுக்குப் போகாதேங்கோ, அண்ணை," என்றாள் கிறிஸ்ரினா.

பெருநாள் கிழமையில் கரையில் குந்தியிருக்க எந்தக் கடற்றொழிலாளிக்கு மனம் வரும்? ஆனாலும் அவன் முணுமுணுத்துக்கொண்டே தண்டைக் கழற்றினான். ஏனென்று கேட்டவர்களிடம் தங்கச்சி சொல்லிப்போட்டாள் என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

மறுநாள் இருவரும் இரும்பு வேலை செய்யும் செபமாலையின் பட்டறைக்குப் போனார்கள். பழைய தண்டும் அவர் செய்து கொடுத்ததுதான். எமில்ராஜ் வெளியே மோட்டார்சைக்கிளை நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருக்க, செபமாலை புதியதை எடுத்துவைத்துவிட்டுப் பழையதை வாங்கிப் பார்த்தார். அது முதலில் நடுவிலே வளைந்து கிடந்ததென்றும், சூடுகாட்டாமல் சுத்தியலால் அடித்து நிமிர்த்தித்தான் கொடுத்ததென்றும் சர்வசாதாரணமாகச் சொன்னார்.

கிறிஸ்ரினாவுக்குத் திக்கென்றது. சுத்தியலால் அடித்தாலும் அந்த உருக்கில் காந்தம் ஒட்டும். பூட்டிய அன்றே ஒட்டியிருக்கக்கூடிய தண்டைக் களைத்துவிட்டதென்று சொல்லி, அண்ணனின் தொழிலை மறித்துவிட்டாள். ஆய்வுகூடத்தில் எந்தத் துண்டையும் புதிதாக இருக்கும்போதே அளந்துவைக்கிறவள், வீட்டாரிடம் பெயர் எடுக்கும் அவசரத்தில் அதை மறந்துபோனாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் நேற்றுக் கிடைத்த மதிப்பு அப்படியே இருக்கும். ஆனால் இங்கே மழுப்பப் பழகினால் நாளைக்குக் குழாயிலும் மழுப்ப வரும் என்று பயந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, தண்டோடு வெளியே போய் எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னாள்.

எமில்ராஜ் பழைய தண்டைக் கையில் உருட்டினான்.

"அப்ப இது களைக்கேல்லை எண்டு சொல்லுவியோ?"

"அதுவும் சொல்லேலாது, அண்ணை."

"பிறகென்ன? தெரியாத ஒண்டை நம்பி நான் கடலுக்குப் போகமாட்டன்."

அணுமின் நிலையத்திலும் இதேதான் சட்டம். கிறிஸ்ரினா எத்தனை விளக்கம் சொல்லியும் அண்ணன் தலையில் ஏறாதது அவளுடைய ஒரு பிழையால் ஏறிவிட்டது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

புதியதைப் பூட்டுவதற்கு முன் இப்போதே பார்த்துவைக்கும்படி அவனே சொன்னான். அவள் காந்தத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கொண்டுபோனாள். எங்கேயும் ஒட்டாமல் அது நூலில் ஆடியது. அடுத்த பெருநாளுக்கும் வந்து பார்க்கவேண்டும் என்று அண்ணன் கட்டளை போட்டான்.

பழைய தண்டை அவள் ஜப்பானுக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தாள். பெருநாளன்று விருந்துக்கு வந்த யாரோ அதைக் கண்டு, நல்ல தண்டுதானே, இரும்பு எங்கேயாவது களைக்குமா என்று கேட்டார். கிறிஸ்ரினா வாய் திறப்பதற்குள் குசினிக்குள்ளிருந்து லூர்த்தம்மாவின் குரல் வந்தது.

"களைக்கும். பாத்தால் தெரியாது."